பூனாவில் வைத்த மூக்கு

நமது சங்க மலருக்கு இத்தனை ஆண்டுகளாகச் சமணக் கல்வெட்டு, சித்தன்னவாசல் ஓவியம், தஞ்சை மராட்டியர் என்று ஏதாவது ஒன்றை எழுதிக் கொடுத்து வந்திருக்கிறேன். இம்முறை மலர்க்குழு நண்பர் போன் செய்து, "ஐயா, வழக்கம்போல வரலாறுதானே?" என்று கேட்டார். வரலாறுதான். ஆனால் இந்த வரலாறு என் மூக்கின் மேலேயே வந்து உட்கார்ந்துகொண்டது. ஆகவே சொந்தக் கதையும் கலந்துதான் வரும். அன்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என்னை அறியாத இளைய தலைமுறைக்காக ஒரு வார்த்தை. ஆரணிப் பக்கத்து நயினார் குடும்பத்தில் பிறந்தவன். இருபது வயதில் பட்டுப்புடவை மூட்டையோடு புனே வந்தேன். ராஸ்தா பேட்டையில் குடியிருந்து, லட்சுமி ரோட்டில் சின்னதாக ஒரு கடை வைத்துப் பிழைப்பவன். மராட்டிக்கார வாடிக்கையாளர்கள் 'அண்ணா' என்பார்கள். கல்லூரி வாசல் மிதித்ததில்லை. கடை சாத்திய பிறகு படித்ததுதான் என் படிப்பு.

என் மூக்கின் வலது மடலில் மிளகு அளவு ஒரு மரு இருந்தது. கொஞ்சம் கருப்பு, ஓரத்தில் ஒரு மினுமினுப்பு. சவரம் செய்யும்போது கத்தி பட்டு இரத்தம் வரும், பொருக்குத் தட்டும், உதிரும், மறுபடி வரும். இப்படியே ஒன்றரை வருஷம் ஓடியது. ஒரு டாக்டர் களிம்பு எழுதிக் கொடுத்தார், அதைத் தடவியதில் ஆறு மாதம் போனது. என் மனைவிதான் விடவில்லை. "ஏங்க, ஆறுற புண்ணா இருந்தா இந்நேரம் ஆறியிருக்கணும். இது ஆறல, வளருது. நீங்க வர்றீங்களா, இல்ல நான் அண்ணனக் கூப்பிடட்டுமா?" என்று கேட்டாள். மைத்துனர் வந்தால் வீடு இரண்டுபடும், அதற்குப் பயந்தே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். சதையில் ஒரு துணுக்கு எடுத்துச் சோதித்தார்கள். பேசல் செல் கார்சினோமா என்று காகிதத்தில் வந்தது. தோலில் வரும் புற்றுநோய்.

இதைப்பற்றி ரெண்டு வரி சொல்லிவிடுகிறேன், யாருக்காவது பயன்படும். புற்றுகளில் இது சாது. மெதுவாக வளரும், உடம்பின் மற்ற பாகங்களுக்குப் பரவுவது மிக அரிது. ஆனால் இருக்கிற இடத்தைத் தின்றுகொண்டே போகும். 1827இல் டப்ளின் நகர மருத்துவர் ஆர்தர் ஜேக்கப் இதை முதலில் தெளிவாக விவரித்தார். எலி கொறித்ததுபோல் அரிப்பதால் பின்னாளில் 'கொறிக்கும் புண்' என்று பொருள்படும் பெயரும் அதற்கு வந்தது. பெரும்பாலும் முகத்தில் வரும், அதிலும் மூக்கை அதற்கு ரொம்பப் பிடிக்கும். வருஷக்கணக்கில் பட்ட வெயில்தான் முக்கியக் காரணம். வெள்ளைத்தோல் நாடுகளில் சர்வசாதாரணம், நம் நிறத்துக்கு அபூர்வம். அபூர்வம் என்பதாலேயே நாமும் அசட்டையாக இருக்கிறோம், சில சமயம் டாக்டரும் மரு என்று நினைத்துவிடுகிறார். ஒட்டுவாரொட்டி கிடையாது.

அறுத்து எடுக்கத்தான் வேண்டும் என்றார்கள். எடுத்தால் மூக்கின் வலது மடலும் நுனியில் பாதியும் போய்விடும். அந்த இடத்துக்கு நெற்றித் தோலை இறக்கி வைத்துத் தைப்பார்களாம். எனக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. மராட்டிக்கார சர்ஜன், வயது நாற்பதுக்குள் இருக்கும், என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணா, பயப்படாதீங்க. இது வெளிநாட்டு ஆபரேஷன் இல்லை, நம்ம புனே ஆபரேஷன்" என்றார். தைரியம் சொல்வதற்காக ஏதோ சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன்.

1794 அக்டோபரில் லண்டனிலிருந்து வெளியான 'ஜென்டில்மேன்ஸ் மேகசின்' என்ற பத்திரிகையில் ஒரு கடிதம் வந்தது. கையெழுத்து பி.எல். என்று இரண்டே எழுத்து. உடன் ஒரு செதுக்குப் படமும் இருந்தது. மூன்றாம் மைசூர்ப் போரில் ஆங்கிலப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டிய காவஸ்ஜி என்பவர் திப்புவின் ஆட்களிடம் சிறைப்பட்டதாகவும், அவர்கள் அவருடைய மூக்கையும் ஒரு கையையும் வெட்டி அனுப்பியதாகவும் கடிதம் கூறுகிறது. அவர் ஸ்ரீரங்கப்பட்டணம் அருகே பம்பாய்ப் படையோடு வந்து சேர்ந்தார். சுமார் பன்னிரண்டு மாதம் மூக்கில்லாமல் இருந்தார். அதன்பின் பூனாவை அடுத்து வாழ்ந்த, செங்கல் செய்யும் குலத்தைச் சேர்ந்த ஒருவர் அவருக்குப் புது மூக்கு வைத்தார். தாமஸ் க்ரூசோ, ஜேம்ஸ் ஃபிண்ட்லே என்ற இரண்டு ஆங்கில மருத்துவர்கள் அதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார்கள்.

பெயரைப்பற்றி ஒரு சந்தேகம் எனக்கு உண்டு. காவஸ்ஜி என்பது பார்சிப் பெயர். கடிதமோ அவரை உழவர் குலத்து மராட்டியர் என்கிறது. வெள்ளைக்காரன் காதில் நம் பெயர் பட்ட பாடு நமக்குத் தெரியாததா? தூத்துக்குடியை டூட்டிகோரின் ஆக்கியவர்கள்தானே. ஏதோ ஒரு மராட்டிப் பெயர் இப்படித் திரிந்திருக்கும் என்பது அடியேன் ஊகம்.

படம் எழுதியவர் ஜேம்ஸ் வேல்ஸ் என்ற ஸ்காட்லாந்து ஓவியர். முளாவும் முத்தாவும் கூடும் சங்கத்தில் அப்போது ஆங்கில ரெசிடென்ட் சார்லஸ் மாலெட்டின் மாளிகை இருந்தது. மாலெட்டின் ஆதரவில் பூனா வந்த வேல்ஸ் பேஷ்வா சவாய் மாதவராவை வரைந்தார், நானா பட்னவீசை வரைந்தார். அதே தூரிகையால், 1794 ஜனவரியில், இந்த வண்டிக்காரரையும் வரைந்தார். அறுவை முடிந்து பத்து மாதம் ஆகியிருந்தது என்று கடிதம் சொல்வதால், அது 1793 மார்ச் வாக்கில் நடந்திருக்க வேண்டும். தலைப்பாகை, மீசை, நெற்றியில் தழும்பு, நடுவில் சற்றே தடித்த மூக்கு. அந்தப் படத்தை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை.

இங்கே சற்று விலகிப் பேச வேண்டியிருக்கிறது. மூக்கை அறுப்பது என்பது அந்நாளில் கொல்லாமல் கொல்லும் தண்டனை. நமக்கு இது புதிதல்ல. திருமலை நாயக்கரின் கடைசிக் காலத்தில், 1650களில், மைசூர் மன்னர் கண்டீரவ நரசராஜரின் படை சத்தியமங்கலம் வழியாக இறங்கி, அகப்பட்டவர் மூக்கையெல்லாம் அறுத்துக்கொண்டு மதுரை வரை வந்தது. முதிய நாயக்கர் சேதுபதியைத் துணைக்கு அழைக்க, மறவர் படை திரண்டு மைசூர்ப் படையைத் துரத்தி அவர்கள் மூக்குகளையும் அறுத்தது. மூக்கறுப்புப் போர் என்றே அதற்குப் பெயர் நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் எத்தனை ஆயிரம் பேர் மூக்கில்லாமல் வீடு திரும்பினார்கள், திரும்பி எப்படி வாழ்ந்தார்கள்? போரை எழுதியவர்கள் அதை எழுதவில்லை. மூக்கறுபட்டான், மூக்குடைபட்டான் என்று நாம் இன்றைக்குச் சாதாரணமாகச் சொல்கிறோம், மராட்டியிலும் மானம் போவதற்கு மூக்கு வெட்டுப்பட்டது என்றுதான் சொல்கிறார்கள். அந்தச் சொற்களுக்குள்ளே இரத்தம் இருக்கிறது.

வெட்டியவர்கள் இருந்த ஊரில் ஒட்டியவர்களும் இருந்தார்கள். சுசுருத சங்கிதை, மூக்கின் அளவுக்கு ஓர் இலையை நறுக்கி, அந்த அளவில் கன்னத்துச் சதையை எடுத்து வைக்கும் முறையைச் சொல்கிறது. கன்னம் எப்போது நெற்றியானது என்பது ஆராயத்தக்கது. வெனிஸ் நகரத்து நிக்கோலாவோ மனூச்சி (கடைசிக் காலத்தைச் சென்னையில் கழித்தவர்) பதினேழாம் நூற்றாண்டு இறுதியில், ஔரங்கசீப்பின் பீஜப்பூர்ப் போரில் மூக்கிழந்தவர்களுக்கு நாட்டு வைத்தியர்கள் நெற்றித் தோலை இறக்கி மூக்கு வைத்ததை எழுதியிருக்கிறார். இமாசலத்துக் காங்க்ராவிலும் ஒரு குடும்பத்தார் பரம்பரையாக இதைச் செய்து வந்தார்கள். ஆக, பூனாச் செங்கல்காரர் தனி அதிசயம் அல்லர். ஒரு நீண்ட வரிசையில், எழுத்தில் அகப்பட்ட ஒருவர்.

அவர் செய்த வேலையைக் கடிதம் படிப்படியாகச் சொல்கிறது. முதலில் மெழுகைத் தட்டி, மூக்கு இருந்த இடத்தில் மூக்குப்போல் பொருத்திப் பார்த்தார். பிறகு அதைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்துச் சுற்றிக் கோடு போட்டார். கோட்டின் உள்ளே இருந்த தோலைக் கத்தியால் உரித்தெடுத்தார், ஆனால் இரு கண்களுக்கும் நடுவில் ஒரு சிறு பட்டையை மட்டும் அறுக்காமல் விட்டார். அந்தப் பட்டை வழியாகத்தான் இரத்தம் ஓடும். பழைய தழும்பைச் சீவி, புதுத் தோலைத் திருப்பி இறக்கி, கீறிய வெட்டுக்குள் செருகினார். தையல் கிடையாது. வெற்றிலையோடு போடுகிறோமே காசுக்கட்டி, அதைத் தண்ணீரில் குழைத்துத் துணித் துண்டுகளில் தடவி ஐந்தாறு மடிப்பாக ஒட்டினார். நான்கு நாள் தொடவில்லை. பிறகு நெய்யில் நனைத்த துணி. ஐந்தாறு நாள் மல்லாந்தே படுத்திருக்க வேண்டும். பத்தாம் நாள் மூக்குத் துளை மூடாமலிருக்கத் துணித்திரி. சுமார் இருபத்தைந்தாம் நாள் அந்த இணைப்புப் பட்டையை வெட்டினார்.

என் சர்ஜன் மெழுகு வைத்துக்கொள்ளவில்லை. தையல் நூல் வருகிற பாக்கெட்டின் மெல்லிய தகட்டை மூக்கின் வடிவில் கத்தரித்து, நெற்றியில் வைத்துப் பேனாவால் கோடு போட்டார். மடல் மடிந்துவிடாமலிருக்கக் காதுக்குருத்தில் ஒரு துண்டு எடுத்து உள்ளே வைத்தார். அறுத்த ஓரத்தில் நோய் மிச்சமில்லை என்று நுண்ணோக்கியில் பார்த்த பிறகே தைத்தார். மயக்க மருந்து இருந்தது. காவஸ்ஜிக்கு அது கிடையாது, ஈதர் வந்ததே 1846இல்தான். மற்றபடி கோடு அதே கோடு, பட்டை அதே பட்டை. என்னுடையதை இருபத்தொன்றாம் நாள் வெட்டினார்கள்.

அந்த மூன்று வாரமும் புருவத்திலிருந்து மூக்கு வரை ஒரு சதைக்குழாய் தொங்கியது. பேத்தி பார்த்துவிட்டு, "தாத்தா, உங்களுக்குத் தும்பிக்கை வந்திருக்கு!" என்றாள். வீட்டில் எல்லோரும் அவளை அதட்டினார்கள். ஆனால் அந்த மூன்று வாரத்தில் என்னை நேராகப் பார்த்துப் பேசிய ஒரே ஆள் அவள்தான். மூக்குக்கண்ணாடி போட முடியாது, ஆகவே படிக்க முடியாது. அவள்தான் கம்ப்யூட்டரில் அந்த 1794ஆம் வருஷத்துக் கடிதத்தைத் தேடியெடுத்து எனக்கு வாசித்துக் காட்டினாள். நம் வீட்டுப் பிள்ளைகள் தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிக்கின்றன. இங்கிலீஷ் தண்ணீர்பட்ட பாடு.

இன்னொரு வேடிக்கை. புது மூக்கில் ஈ உட்கார்ந்தால் நெற்றியில் உட்கார்ந்ததுபோல் இருக்கும். நெற்றியில் அடித்துக்கொள்வேன், ஈ மூக்கிலேயே இருக்கும். நரம்புக்கு விலாசம் மாறியது தெரியவில்லை. சர்ஜனிடம் சொன்னால், எல்லோரும் சொல்வதுதான் என்று சிரித்தார். காவஸ்ஜிக்கும் இப்படி இருந்திருக்க வேண்டும். கடிதத்தில் இல்லை.

கடிதத்தில் இல்லாதவை எவையெவை என்று யோசிக்க ஆரம்பித்தது அப்போதுதான். மூக்கு பத்திரமாக நிற்கிறது, இயற்கை மூக்குப்போலவே தெரிகிறது, நாளடைவில் நெற்றித் தழும்பும் அவ்வளவாகத் தெரிவதில்லை என்றெல்லாம் எழுதியிருக்கிறார்கள். எல்லாம் மூக்கைப்பற்றி. மூக்குக்குப் பின்னால் இருந்த மனிதர்? அந்தப் பன்னிரண்டு மாதம் அவர் எங்கே சாப்பிட்டார், யார் பக்கத்தில் உட்கார்ந்தார்கள், வீட்டில் மனைவி மக்கள் இருந்தார்களா, ஊருக்குப் பகலில் வந்தாரா இருட்டிய பிறகு வந்தாரா? புது மூக்கு வைத்த பிறகு பழைய ஆட்கள் பழையபடி பேசினார்களா? கம்பெனியின் பென்ஷன் வாங்கினார் என்ற ஒரே ஒரு தகவல் இருக்கிறது. அவர் வாயிலிருந்து வந்த ஒரு சொல்லைக்கூட யாரும் எழுதி வைக்கவில்லை.

என்னுடையதைச் சொல்கிறேன். தும்பிக்கையை வெட்டிய பிறகும் ஆறேழு மாதம் மூக்கு வீங்கிச் சிவந்து, வேறு யாருடையதோபோல இருந்தது. புடவைக் கடை என்றால் ஆளுயரக் கண்ணாடி இல்லாமல் நடக்காது. இருபத்தைந்து வருஷம் அந்தக் கண்ணாடியைப் பார்த்தபடி நின்று, புடவையைத் தோளில் போட்டுக் காட்டியவன், கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நிற்க ஆரம்பித்தேன். வாடிக்கையாளர் கண் புடவையில் இருக்காது, நழுவி என் முகத்துக்கு வரும், சட்டென்று விலகும். அந்த விலகலில் வலி அதிகம். ஒரு அம்மாள் நான் தொட்டு விரித்த புடவையை விட்டுவிட்டு, பையன் எடுத்துக் காட்டினதை வாங்கிப்போனார். தொற்று என்று பயம். அவரைக் குறை சொல்ல மாட்டேன், தெரியாது. ஆனால் அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை.

அதைவிடப் பெரியது ஒன்று. இளைய மகளுக்கு ஊர்ப்பக்கம் ஒரு வரன் ஏறக்குறைய முடிந்திருந்தது. 'கேன்சர்' என்ற சொல் அவர்கள் காதுக்குப் போனது. அதன்பின் போனை எடுக்கவில்லை. பரம்பரையாக வரும் அபூர்வ வகை ஒன்று உண்டு, என்னுடையது அதுவல்ல என்று டாக்டர் கைப்பட எழுதிக் கொடுத்திருந்தார். யாரிடம் காட்டுவது? மகளுக்குப் பிறகு வேறு நல்ல இடம் அமைந்தது, சந்தோஷமாக இருக்கிறாள். ஆனாலும் அந்த மூன்று மாதம் அவள் முகத்தை நானும் என் முகத்தை அவளும் பார்த்துக்கொள்ளவில்லை. காவஸ்ஜியின் மூக்கை வெட்டியவன் அவரை அவமானப்படுத்த நினைத்து வெட்டினான். என்னை யாரும் அவமானப்படுத்த நினைக்கவில்லை, வெயில்தான் செய்தது. அப்படியிருந்தும் அவமானம் எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டது.

நாலடியாரின் முதல் மூன்று அதிகாரங்களும் நிலையாமையைத்தான் பேசுகின்றன: செல்வம், இளமை, யாக்கை. சின்ன வயதில் தாத்தா மடியில் உட்கார்ந்து மனப்பாடம் செய்தவன் நான். நம் முனிவர்கள் தலைமுடியைக் கையாலேயே பறித்தெடுப்பதை நேரில் கண்டு வணங்கியவன். உடம்பு நாம் அல்ல என்று மேடையில் ஏறிப் பேசவும் பேசியிருக்கிறேன். மூக்கில் பாதி போனதும் அதெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அது நிஜம்.

லண்டனில் இந்தக் கடிதத்தைப் படித்தவர்களில் ஒருவர் ஜோசப் கார்ப்யூ என்ற சர்ஜன். பிணங்களில் செய்து பழகி, ஆளுக்காக வருஷக்கணக்கில் காத்திருந்து, 1814 அக்டோபர் 23இல் ஒரு ராணுவ அதிகாரிக்கு நெற்றித் தோலால் மூக்கு வைத்தார். கட்டைப் பிரித்தபோது உடனிருந்த நண்பர், நிஜமாகவே மூக்கு இருக்கிறதே என்று வாய்பிளந்து நின்றாராம். இரண்டாவது ஆள் கேப்டன் லேதம். 1811இல் ஸ்பெயினில் அல்புவேராப் போர்க்களத்தில் தன் படைப்பிரிவின் கொடியைக் காப்பாற்றியவர், அதில் ஒரு கையையும் மூக்கோடு முகத்தில் ஒரு பகுதியையும் இழந்தவர். காவஸ்ஜியைப்போலவே ஒரு கை, ஒரு மூக்கு. லேதமுக்குப் படைப்பிரிவு தங்கப் பதக்கம் போட்டது, பட்டத்து இளவரசரே சிகிச்சைக்கு ஆதரவு தந்தார். 1816இல் கார்ப்யூ புத்தகம் போட்டார். இன்றுவரை இதற்கு உலகமெங்கும் 'இந்திய முறை' என்றுதான் பெயர். க்ரூசோ, ஃபிண்ட்லே, வேல்ஸ், படத்தைச் செதுக்கிய வில்லியம் நட்டர், கார்ப்யூ என்று எல்லார் பெயரும் புத்தகத்தில் இருக்கிறது. கத்தி பிடித்த செங்கல்காரர் பெயர் மட்டும் இல்லை. கேட்டால் சொல்லியிருப்பார். இரண்டு டாக்டர்கள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்களே, ஒருவராவது கேட்டிருக்கலாம்.

முதல் உலகப்போர் வந்தபோது முகம் சிதைந்த சிப்பாய்கள் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். 1917இல் லண்டனை அடுத்த சிட்கப்பில் அவர்களுக்கென்றே ஓர் ஆஸ்பத்திரி திறந்தார்கள். அங்கே ஹரால்ட் கில்லீஸ் என்ற சர்ஜன் நெற்றித் தோலையும் வேறு பல முறைகளையும் கையாண்டார். வார்டில் முகம் பார்க்கும் கண்ணாடி வைப்பதில்லை. ஊருக்குப் போகும் பாதையில் சில பெஞ்சுகளுக்கு நீல வண்ணம் அடித்திருந்தார்களாம், அதில் உட்கார்ந்திருப்பவர் முகம் பார்த்துத் திடுக்கிடாதீர்கள் என்று வழிப்போக்கருக்கு முன்கூட்டியே ஒரு அறிவிப்பு. நல்லெண்ணத்தில் செய்ததுதான். எனக்கென்னவோ, வாடிக்கையாளர் கண் விலகிப்போனதற்கு மரத்தில் பெஞ்சு செய்து போட்டதுபோல இருக்கிறது.

கில்லீஸிடம் பயின்றவர் நோஷிர் ஆன்டியா. ஹூப்ளியில் 1922இல் பிறந்த பார்சி. 1950களில் அவர் நமது கொண்ட்வாவுக்கு வந்தார். இன்றைக்கு அடுக்குமாடிகளும் மால்களும் நிற்கிற கொண்ட்வாவில் அன்று தொழுநோய் இல்லம் ஒன்று இருந்தது. மருந்து கொடுத்து நோய் தீர்ந்தவர்கள்கூட அங்கேயே கிடந்தார்கள். உள்ளமுங்கிய மூக்கும் புருவமில்லாத முகமும் இருக்கிறவரை ஊர் ஏற்காது. ஆன்டியா அந்த மூக்குகளை நிமிர்த்தினார். பின்பு பம்பாய் ஜே.ஜே. மருத்துவமனையில் பிளாஸ்டிக் சர்ஜரிப் பிரிவையே நிறுவினார். பிற்காலத்தில் கிராமங்களுக்குப் போய்ப் படிக்காத பெண்களை வைத்துச் சுகாதாரம் கற்பித்து, 2007இல் இதே புனேயில் மறைந்தார். அதே காலத்தில் எங்கள் ஊரிலிருந்து கூப்பிடுதூரத்து வேலூரில் பால் பிராண்ட். தொழுநோயால் மடங்கிப்போன கைவிரல்களை நிமிர்த்தியவர் என்றுதான் உலகம் அவரை அறியும். கை சரியானாலும் முகம் காட்டிக்கொடுத்துவிடுகிறது, வேலை கிடைக்கவில்லை என்று நோயாளிகள் திரும்பி வந்தபோது, புருவத்தையும் மூக்கையும் அவர் சரிசெய்து கொடுத்தார். சின்ன வயதில், சந்தைக்கு வரும் அப்படிப்பட்டவர்களைக் கண்டு அம்மாவின் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதே கண்தான் கடையில் என்னைப் பார்த்த கண்.

மூக்கு நிற்கிறதா என்று மட்டும் கேட்டுவந்த மருத்துவம், இந்த ஆள் வீட்டுக்குப் போனாரா, வேலைக்குப் போனாரா என்று கேட்கத் தொடங்கியதை இந்த இரண்டு பேரிடமும் நான் காண்கிறேன். முகத்தில் தோல்புற்று வந்தவர்களுக்கென்றே 2000க்குப் பிறகு அமெரிக்காவில் பதினைந்து கேள்விகள் கொண்ட ஒரு தாள் தயாரித்தார்கள். மனக்கவலை, பிறரோடு பழகுவது, தோற்றம் என்று மூன்று பகுதி. பிறகு இன்னும் விரிவான தாள்களும் வந்துவிட்டன. தழும்பு உங்களை உறுத்துகிறதா, திரும்ப வருமோ என்று பயமா என்றெல்லாம் கேட்கிறார்கள். என் சர்ஜன் ஆறாம் மாதப் பரிசோதனையில், தாள் எதுவும் இல்லாமல், "அண்ணா, கடையில் எந்தப் பக்கம் நிக்கிறீங்க?" என்றார். யாரோ சொல்லியிருக்க வேண்டும், மனைவிதான் என்று நினைக்கிறேன். பதில் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அடுத்த வாரம் கண்ணாடியைப் பார்த்து நின்றேன். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல வரவில்லை. ஒருமுறை வந்தவருக்கு வேறு இடத்தில் இன்னொன்று வர வாய்ப்பு அதிகம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய்க் காட்டுகிறேன். புதிதாக ஒரு பொருக்கு தெரிந்தாலும் வயிற்றில் புளியைக் கரைக்கிறது. மழையில்லாத நாளிலும் குடை பிடித்துப் போகிறேன், லட்சுமி ரோட்டில் எனக்குக் 'குடை அண்ணா' என்று பெயராகிவிட்டது. சங்க அன்பர்களுக்கும் ஒரு விண்ணப்பம்: ஒரு மாதத்தில் ஆறாத புண் முகத்தில் இருந்தால் களிம்பு தடவிக்கொண்டிராமல் தோல் டாக்டரிடம் போங்கள். ஒன்றரை வருஷத்துக்கு முன்பே போயிருந்தால் எனக்கு நெற்றி தப்பியிருக்கும்.

போன தீபாவளிக்கு முன் கஸ்பா பேட்டை கும்பார்வாடாவுக்குப் போனேன். கடிதம் பூனாவுக்கு அருகே என்றுதான் சொல்கிறது, கஸ்பா பேட்டை என்று சொல்லவில்லை. செங்கல்காரரும் குயவரும் ஒரே வீதியில் இருந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இருந்தாலும் மண் பிசைகிற கைகளைப் பார்க்கவேண்டும்போல இருந்தது. திண்ணையில் அகல்விளக்கு அடுக்கிக்கொண்டிருந்த ஒரு முதியவரிடம் விஷயத்தைச் சொன்னேன். உங்கள் முன்னோர் யாராவது மூக்கு வைத்ததாகக் கேள்விப்பட்டதுண்டா என்று கேட்டேன். அவர் ஏற இறங்கப் பார்த்தார். அப்படியொன்றும் கேள்விப்பட்டதில்லை என்றார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, கண்ணை விலக்காமல், கிட்டத்தில் வந்து என் மூக்கைப் பார்த்தார். தான் வனைந்த பானையைப் பார்ப்பதுபோல இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை. "வலது பக்கம் கொஞ்சம் தடிச்சிருக்கு. மத்தபடி நல்ல வேலை. யார் செஞ்சது?" என்று மராட்டியில் கேட்டார்.

சர்ஜன் பெயரைச் சொன்னேன். மகாவீரர் நிர்வாண நாளுக்கு வீட்டில் ஏற்ற இரண்டு டஜன் அகல் வாங்கிக்கொண்டு, பெரியவரிடம் அவர் பெயரையும் கேட்டு எழுதிக்கொண்டு வந்தேன்.